முதல் குறை

லீலாபாய் அக்காவுக்குக் கோபம் வந்தால் சத்தம் போடமாட்டார். கத்தரிக்கோலை மேசைமேல் வைத்துவிட்டு, நாங்கள் தைத்த துணியை எடுத்துத் தன் கன்னத்தில் தேய்த்துப் பார்ப்பார். எங்காவது ஒரு முடிச்சு உறுத்தினால் போச்சு, அந்த வரிசை முழுவதையும் பிரிக்க வேண்டும். சனிக்கிழமை மத்தியானம் கொல்லயில் ஊரில் எங்கள் கிறிஸ்தவ சபை ஹாலில் தைக்க உட்காருகிற பெண்கள் எல்லோரும் அந்தக் கன்னத்துக்குப் பயந்தவர்கள்தான். நான் ஒருமுறை அழுதே விட்டேன்.

நாங்கள் தைப்பது படுக்கையில் கிடக்கும் நோயாளிகளுக்கு இலவசமாகக் கொடுக்கிற விரிப்பு. தையல்கடைகளில் வெட்டி மிஞ்சுகிற பருத்தித் துண்டுகளை நட்சத்திரமும் பூவுமாக இணைத்து மேல்பக்கம். நடுவில் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய முண்டு வேட்டி. அடியில் இன்னொரு துணி. மூன்றையும் சேர்த்துக் கையால் நெருக்கமாக நூலோட்டம் போடவேண்டும். இந்த வெக்கையில் இது எதற்கு என்று கேட்கிறவர்கள் ரெக்சின் ஷீட்டில் ஒரு நாள் மல்லாந்து கிடந்து பார்க்கட்டும். வேர்வை போக வழியில்லாமல் முதுகுத் தோல் வெந்துவிடும். எங்கள் விரிப்பு ரெக்சினுக்கு மேலே கிடந்து ஈரத்தைக் குடித்துக்கொள்ளும். முடிச்சு கூடாது என்ற பிடிவாதமும் அதனால்தான். நமக்குக் கடுகளவு முடிச்சு, புரண்டு படுக்க முடியாதவருக்குப் புண்.

அக்கா நெய்யாற்றின்கரையில் ஒரு தையல் யூனிட்டில் நைட்டி தைத்து ஓய்ந்தவர். கணவர் கனகதாஸ் படுக்கையில் கிடந்த காலத்தில், அவர் முதுகுப் புண்ணைப் பார்த்துப் பார்த்து, பிரித்தும் தைத்தும் தானே கண்டுபிடித்த முறை இது. அவர் போனபிறகு, தெரிந்ததை நாலு பேருக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்று ஹாலைக் கேட்டு வாங்கினார். பாறசாலையிலிருந்து பஸ் ஏறிப் பெண்கள் வந்தார்கள். சபைக்காரர்கள் மட்டுமில்லை. எங்களில் கைத்திறம் மிகுந்தவள் அக்காவுக்குப் பக்கத்துத் தெருவில் பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்த குமாரி. முடிச்சே போடாமல், திரும்ப ஒரு தையல் போட்டு நூல் நுனியை உள்ளே இழுத்து மறைப்பதில் அவள் அக்காவையே மிஞ்சினாள். அவள் தைத்ததை மட்டும் அக்கா கன்னத்தில் வைத்துப் பார்ப்பதில்லை.

கொடுத்த வீடுகளிலிருந்தெல்லாம் பாராட்டு வந்தது. கிழிந்தது, சுருங்கியது, சாயம் போனது என்று ஒருவர்கூட ஒரு குறை சொன்னதில்லை. நாங்கள் அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டோம். எவ்வளவு பெரிய மடச்சிகள்!

பூவாருக்குப் போகிற வழியில் சதாசிவன் என்ற பெரியவரைப் பார்க்கப் போனபோதுதான் விஷயம் விளங்கியது. மனுஷன் வெறும் ரெக்சினில் ஒட்டிக்கொண்டு கிடந்தார். எங்கள் விரிப்பு, புடவைக்கடை பிளாஸ்டிக் கவருக்குள் பட்டன் போட்டு, ஸ்டீல் அலமாரியின் மேல் இருந்தது. மகள் பிந்து அதை எடுத்து, அழுக்காகாமல் வைத்திருப்பதாகப் பெருமையோடு காட்டினாள். அடுத்த வீட்டிலும் அதே கதை. இன்னொரு வீட்டில், பஞ்சாயத்திலிருந்து நர்ஸ் வரும்போது விரிப்பார்களாம், ஜீப் திரும்பியதும் மடித்து வைப்பார்களாம். இவ்வளவு நல்ல பொருளில் யாராவது மூத்திரம் படவிடுவார்களா என்று எங்களிடமே கேட்டார்கள்.

அடுத்த சனிக்கிழமை அக்கா, இனி நட்சத்திரமும் பூவும் வேண்டாம், மங்கல் நிறத்தில் பழைய நைட்டித் துணியில் தைப்போம் என்று சொல்லிப் பார்த்தார். சபைச் செயலாளர் ராபின்சன், நோயாளிக்குக் கந்தலைக் கொடுத்தால் சபைக்கல்லவா கெட்ட பெயர் என்றார். எங்கள் பெண்களுக்கும் மனசு வரவில்லை. ஜீனா என்ற பிள்ளை அந்த வாரமே எட்டு மூலை நட்சத்திரம் வைத்து ஒன்று தைத்துக் கொண்டுவந்தாள். அலமாரியில் வைக்க அதைவிடப் பொருத்தமானது கிடைக்காது. அக்கா வீடு வீடாகப் போய் விரித்துப் படுக்கச் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். எல்லா விரிப்பும் திரும்பக் கவருக்குள் போயிற்று. எனக்கே இந்த வேலை வெறுத்துப்போன சமயம் அது.

அந்த நேரத்தில்தான் குமாரி பக்கவாதம் வந்து விழுந்தாள். வலப்பக்கம் முழுவதும் போய்விட்டது. ஊசி பிடித்த கை போர்வைமேல் சும்மா கிடந்ததை என்னால் பார்க்க முடியவில்லை. அக்கா யாரையும் தொடவிடாமல், குமாரி வெட்டிப்போட்ட பிளவுஸ் துண்டுகளையே அவள் மருமகள் ஆதிராவிடம் கேட்டு வாங்கி, தனியாக ஒரு விரிப்பு தைத்துக் கொடுத்தார். கொஞ்ச நாளில் நர்ஸ் எங்களிடம் வருத்தப்பட்டார். குமாரியின் இடுப்புக்கு மேலே தோல் சிவந்துவிட்டது, இப்படியே விட்டால் புண்ணாகிவிடும் என்றார்.

அக்காவும் நானும் போனோம். உள்ளே நுழைந்ததும் இருவர் கண்ணும் நேரே அலமாரிக்கு மேலேதான் போயின. கவர், பட்டன், எல்லாம் பழையபடி. ஆதிரா தலையைக் குனிந்துகொண்டு, தான் எத்தனையோ தடவை எடுத்தும் மாமியார் விரிக்கவிடவில்லை என்றாள்.

"நான்தான் வேண்டாமுன்னு சொன்னேன்" என்றாள் குமாரி. நாக்கு குழறியது. "நான் போற அன்னைக்கு நாலாளு வருமில்லா? அன்னைக்கு விரிக்கட்டும். எனக்க துணியாக்கும் அது. நல்லா இருக்கட்டு."

ஆதிரா கொண்டுவந்த பால் விடாத கட்டன்சாயாவை அக்கா ஒரு கையில் வாங்கிக்கொண்டார். மறு கையால் கவரை இழுத்து, பட்டனைப் பிய்த்து, விரிப்பைக் கட்டிலின் கால்மாட்டில், அவள் கால் படாத ஓரத்தில் விரித்தார். கிளாஸோடு சாயாவை அதன்மேல் கவிழ்த்தார்.

ஆதிரா வாயில் கைவைத்தாள். குமாரி பிளவுஸ்களிலிருந்து வந்த மஞ்சளும் சந்தன நிறமும் எங்கள் கண்முன்னே கறுத்துப்போயின.

"இனி நாலாளு முன்ன இதை விரிக்க ஒக்காது" என்றார் அக்கா. "செத்தவளுக்கு எந்தத் துணியும் போதும். இது கெடக்குறவளுக்குத் தச்சதாக்கும்."

நாங்கள் மூன்று பேரும் குமாரியைப் புரட்டி, நனைந்த பக்கத்தைப் பாதத்துக்கு அப்பால் விட்டு, விரிப்பை முதுகுக்கு அடியில் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டோம். அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். கண்ணீர் காதுக்குள் இறங்கியது. அது கோபக் கண்ணீர். அக்காவை மன்னிப்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை. அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். செய்தது சரியா தப்பா என்று அவருக்கும் தெரியவில்லை. அப்படி ஓய்ந்துபோய் அவரை நான் பார்த்ததில்லை.

கொஞ்ச நேரம் போனது. ஆதிரா வேறு சாயா போடப் போய்விட்டாள். குமாரியின் இடது தோள் மெல்ல அசைந்தது. நிற்கும், மறுபடி அசையும். எதையோ தேடுகிறவள்போல இருந்தது.

"அக்கா" என்றாள், சுவரைப் பார்த்தபடியே. "தோளுக்கு அடியில ஒரு முடிச்சு கெடக்கு."

அக்கா எழுந்து அவள் தோளுக்கு அடியில் கையை நுழைத்துத் தடவினார். பிறகு குனிந்து, கட்டிலோடு கன்னத்தைச் சேர்த்து வைத்துப் பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் சிவந்திருந்தது.

"உண்டு" என்றார். "இத்தன காலத்துல வந்த மொதல் குறை இதாக்கும்."

"வரிச முழுக்கப் பிரிக்கணும், கேட்டியளா" என்றாள் குமாரி.

அக்கா என்னிடம் கத்தரிக்கோல் கேட்டார்.