கைப்பையைச் சோதிக்க ஒரு தீக்குச்சி

திருத்தங்கலில் உள்ள எங்கள் வீட்டில் நடந்தது இது. மகள் ஆன்லைனில் வாங்கிய வெளிநாட்டுக் கம்பெனித் தோல் கைப்பையை, தோழிகள் போலி என்று கேலி செய்தார்கள். அசல் தோல் தீயில் உருகாது என்று வீடியோவில் பார்த்திருந்தேன்.

“ஏட்டி, பையப் பிடி. ஓரத்துல லேசா காட்டிப் பாப்போம்.”

“ஏமாந்திருந்தா ஏமாந்துட்டுப் போறேன், விடும்மா.”

கேளாமல் குச்சியைக் கிழித்தேன். விரல் சுட்டதும் உதறினேன். அது பட்டாசு ஆலையிலிருந்து வந்த கணவர் கழற்றிப் போட்டிருந்த சட்டையில் விழுந்தது. அதில் படிந்திருந்த மருந்துத் தூள் குபீரென்று பற்றி, மகளின் துப்பட்டாவுக்கும் தாவியது. அலறிக்கொண்டே அவளைக் குளியலறைக்கு இழுத்துப்போய்த் தண்ணீரைக் கொட்டினேன். கைக் கொப்புளங்களோடு பிழைத்தாள்.

இப்போது கணவர் வேலைச் சட்டையை வெளியே கழற்றி, குளித்த பிறகே உள்ளே வருகிறார். பை அசலா என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. அப்படிப்பட்ட வீடியோ வந்தாலே போனைக் கவிழ்த்து வைத்துவிடுகிறேன்.