பிரபுவின் பசுமை

மேல்மாடி ஜன்னல் திரையை இரண்டு விரலால் விலக்கி, மாளிகையைச் சுற்றிப்பார்க்க வந்து கீழே நிற்பவர்களின் காலணிகளைப் பார்ப்பார் பிரபு அமோரி த வெர்னுசே. முகங்களைப் பார்க்கமாட்டார். தோல் காலணிகள் அதிகம் தென்பட்டால் அன்றைக்கு நூலகக் கதவு திறக்கும். கான்வாஸ் ஷூவும் செருப்புமாக இருந்தால் சமையற்கூடம், கல் படிக்கட்டு, பூச்சி அரித்த ஒரு சுவர்க் கம்பளம், அவ்வளவோடு மாளிகை முடிந்துவிடும். வாசலில் சீட்டுக் கிழிக்கும் எனக்கு இது நன்றாகத் தெரியும். கட்டணம் மட்டும் எல்லாக் கால்களுக்கும் ஒன்றுதான்.

இறங்கி வரும்போது முழங்கையில் தோல் ஒட்டிய பழைய கம்பளிக் கோட்டு, கழுத்தில் பட்டுத்துணி. "வாங்க, வாங்க, கதவை யாரும் தொடாதீங்க" என்பதுதான் வரவேற்பு. நீலப்படுக்கை அறையில் ஓர் அரசன் தூங்கினான் என்பார். எந்த அரசன் என்பது வந்தவர்களைப் பொறுத்தது. பள்ளிப் பிள்ளைகள் வந்தால் தலை போன அரசன். கிழவிகள் வந்தால் காதலிகள் நிறைய வைத்திருந்தவன். ஒருமுறை ஒரே பிற்பகலில் மூன்று அரசர்களைத் தூங்கவைத்து எழுப்பினார். அந்தக் கட்டில் அவருடைய அப்பா லெ மான் ஊர்ச் சந்தையில் வாங்கியது. வண்டியிலிருந்து இறக்கியவர்களில் என் மாமனாரும் ஒருவர்.

அவர் மனைவி குளிர் தாங்காமல் தூர் நகரத்தில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்குப் போய்விட்டாள். மாளிகையில் சூடு உள்ள அறை சமையலறை மட்டுமே. அங்கே உட்கார்ந்து தகர டப்பாவில் வரும் மலிவு ராவியோலி மாவுப்பண்டத்தைக் குலச்சின்னம் போட்ட பீங்கான் தட்டில் கொட்டி, வெள்ளிக் கரண்டியால் தின்பார். டப்பாவைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டுபோய் ஊர்ப் பொதுக் குப்பைத்தொட்டியில் போடுவார். ஊரே பார்க்கும். ஊர் பார்க்காது என்று நினைப்பதும் ஒரு பரம்பரைச் சொத்துதான்.

ஆனால் சனங்கள் வந்தது அவருக்காகவோ அரசனின் கட்டிலுக்காகவோ அல்ல, தோட்டத்துக்காக. புய் என்கிற பொடியிலைச் செடியை இடுப்பளவு வேலியாக வெட்டி, சுருளும் வளையமுமாகத் தரையில் கோலம் போட்டதுபோல் வளர்த்திருந்தார்கள். அதைப் பராமரித்தவள் ஸொலாஞ்ச். இரண்டு வருடத்துக்கு முந்தைய வசந்தத்தில் ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு வந்தாள்.

"முசே, புழு விழுந்துருக்கு. அடியில பாருங்க, நூல் கட்டியிருக்கு. இந்த வாரமே மருந்தடிக்கணும்."

"எந்தப் புழு?"

"ஆசியாவுலேர்ந்து வந்தது. ஆத்துக்கு அந்தப் பக்கம் எல்லாத் தோட்டமும் போச்சு."

"முந்நூறு வருஷமா இந்தத் தோட்டத்துல புழு வந்ததில்ல. உன் கண்ணுக்கு மட்டும் தெரியுதாக்கும்! அதெல்லாம் புதுப்பணக்காரன் தோட்டத்துக்கு வர்ற நோய்."

"புழுவுக்கு உங்க பரம்பரை தெரியாதே, முசே" என்றாள் ஸொலாஞ்ச். கிளையை அவர் மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

அடுத்த கோடைக்குள் கோலம் முழுவதும் வைக்கோல் நிறமாகிவிட்டது. நெருப்பு வைத்ததுபோல. அவரோ பார்வையாளர்களிடம், "இது வெண்கல ஜாதி. இத்தாலியிலேர்ந்து வந்தது. தெரிஞ்சவங்களுக்குத்தான் இதோட அருமை தெரியும்" என்று கூசாமல் சொன்னார். தெரிந்தவர்களாக இருக்க ஆசைப்பட்டவர்கள் தலையாட்டிப் படமெடுத்துக்கொண்டார்கள்.

செப்டம்பரில் தோட்டங்களைப் பார்வையிடும் குழு வருவதாகச் சேதி வந்தது. வாசலில் 'சிறப்புத் தோட்டம்' என்ற பலகை அவர்கள் மாட்டியது. பலகை போனால் சுற்றுலாப் பேருந்துகள் ஆற்றுப்பாலத்தோடு திரும்பிவிடும். கால்பந்து மைதானத்தின் காய்ந்த புல்லுக்கு அடிக்கும் பச்சைச் சாயத்தைப் பீப்பாய் பீப்பாயாக வரவழைத்தார் அமோரி. ஸொலாஞ்ச் தெளிப்பானைத் தொட மறுத்துவிட்டாள்.

"பொணத்துக்குப் பவுடர் பூசற வேலைக்கு வேற ஆளப் பாருங்க."

வேறு ஆள் கிடைக்கவில்லை. கோட்டைக்கூடக் கழற்றாமல், முதுகில் தெளிப்பானைக் கட்டிக்கொண்டு, பிரபுவே அடித்தார். பிரெஞ்சுப் புரட்சி செய்யாததைப் புழு செய்துவிட்டது: வெர்னுசே குடும்பத்தில் ஒருவர் முதன்முதலாகக் கையால் வேலை செய்தார். மாடியிலிருந்து பார்க்க, சொல்லக்கூடாது, தோட்டம் அழகாகவே இருந்தது.

குழுவில் மூன்று பேர். இரண்டு ஆண்களுக்கு மேல்தளத்தில் வெள்ளை ஒயின் ஊற்றிக் கொடுத்ததும் தோட்டம் பிடித்துப்போயிற்று. மதாம் த்ரூவார் மட்டும் கோப்பையை வைத்துவிட்டுப் படியிறங்கினார். அமோரி பின்னாலேயே ஓடினார். "மதாம், கீழ ஈரமா இருக்கும்! இங்கேருந்து பாக்குறதுக்குன்னே அமைச்ச தோட்டம் இது!" அந்த அம்மாள் குனிந்து ஒரு பிடி இலையைக் கசக்கினார். இலை பொடிப்பொடியாக உதிர்ந்தது. உள்ளங்கை முழுக்கப் பச்சை. அதை அமோரி முன்னால் விரித்துக் காட்டினார்.

என்ன தோன்றிற்றோ, அமோரி குதிகால்களைச் சேர்த்து நின்று, அந்தக் கையைப் பிடித்து, குனிந்து முத்தமிட்டார்.

நிமிர்ந்தபோது நரைத்த மீசை பச்சையாக இருந்தது.

"உங்க தோட்டம் என் கையோட வந்துருச்சு, முசே" என்றார் மதாம் த்ரூவார்.

"காலைப் பனி, மதாம். இந்த மண்ணோட குணம் அப்படி."

அப்போது உச்சி வெயில். அதே பச்சை மீசையோடு அமோரி குழுவை அரசன் தூங்கிய அறைவரை கூட்டிக்கொண்டு போனார். ஒருவரும் கைக்குட்டை நீட்டவில்லை. அடுத்த வாரம் ஒருவன் திருப்புளியோடு வந்து பலகையைக் கழற்றினான். "நான்தான் எடுக்கச் சொன்னேன். பலகை எல்லாம் கடைக்கு, மாளிகைக்கு எதுக்கு?" என்று அடுமனையில் ரொட்டி வாங்கும்போது இவர் சொன்னதாகக் கேள்வி.

இப்போது பேருந்து வருவதில்லை. வருகிற ஓரிரு கார்க்காரர்களும் தோட்டத்தை எட்டிப் பார்த்துவிட்டு, கழிப்பறை எங்கே என்று கேட்கிறார்கள். "பிடுங்கி எரிச்சிரலாம் முசே, வேற செடி வைக்கலாம், நான் வச்சுத் தரேன்" என்று ஸொலாஞ்ச் இருமுறை சொல்லிப் பார்த்தாள். "செடிக்கு ஓய்வு குடுத்திருக்கேன்" என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை மாலை, நான் வாசலைப் பூட்ட வந்தபோது தோட்டத்தில் செடி வெட்டும் கத்தரியின் சத்தம் கேட்டது. செத்துப்போன வேலியின் தலைக்கு நேராக, நட்ட குச்சிக்குக் குச்சி நூல் இழுத்துக் கட்டியிருந்தார் அமோரி. நூலுக்கு மேலே எந்தத் துளிரும் இல்லை. அந்த வெற்றிடத்தில் பெரிய கத்தரியைத் திறந்து மூடியபடி ஓரம்வரை நடந்தார். பிறகு மண்டியிட்டு, ஒரு கண்ணை இறுக மூடிக்கொண்டு, மட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார்.