நான் காட்டிய கொடி

எங்கள் மாமா ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்ததற்கு நான்தான் காரணம் என்று பல வருஷங்கள் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சாதாரண ஓட்டமில்லை. திருப்பத்தூர் சந்தையிலிருந்து ஆம்பூரில் அப்பா வேலை பார்த்த தோல் பதனிடும் கிடங்கு வாசல் வரைக்கும் இருபத்தைந்து மைல், அதுவும் சித்திரை வெயிலில். கேட்டவர்கள் யாரும் நம்பவில்லை. ஒன்பது வயதுப் பெண் ஜட்கா வண்டியில் உட்கார்ந்தபடியே பந்தயத்தை ஜெயித்துக் கொடுத்தாள் என்றால் யார்தான் நம்புவார்கள்? நான் நம்பினேன்.

பந்தயம் பிறந்ததே வாய்ச்சண்டையில்தான். எங்கள் முதலாளியும், வாணியம்பாடியில் கிடங்கு வைத்திருந்த அவருடைய சம்பந்தியும் ஒரு கல்யாண விருந்தில் பிரியாணி தின்றுவிட்டு வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்களாம். சீமையில் இருபத்தைந்து மைலுக்கு மேல் நிற்காமல் ஓடுகிறார்கள் என்று பேப்பரில் படித்ததை யாரோ சொல்லி வைத்தார்கள். "அது இன்னா பெரிய காரியம்? என் ஆள் ஓடுவான்" என்றார் ஒருவர். "என் ஆள் அதுக்கு முன்னாடி போய்ச் சேருவான்" என்றார் மற்றவர். மழை வரட்டுமே, வெயில் தணியட்டுமே என்று சொல்கிற புத்தி அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் இல்லை. பதினைந்தாம் நாள் பந்தயம் என்று முடிவாகிவிட்டது. எங்கள் முதலாளி ஒரு வாக்கும் கொடுத்தார். தன் ஆட்களில் எவன் ஜெயித்தாலும் அவன் கிடங்கில் எந்த வேலையைக் கேட்கிறானோ அந்த வேலை அவனுக்கு.

மாமா என் அம்மாவின் தம்பி. எங்களோடுதான் இருந்தார். கிடங்கில் அவருக்குச் சுண்ணாம்புக் குழியில் வேலை. தோலில் இருக்கும் மயிர் கழல்வதற்காகச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். முழங்கால் வரை அதில் நின்று நாளெல்லாம் தோலைப் புரட்டிப்போட வேண்டும். கைகால் வெடிக்கும், கண் எப்போதும் சிவந்தே கிடக்கும். பொங்கலுக்கு முன்னால் ஒருநாள் அந்தத் தண்ணீர் முகத்தில் தெறித்து, மாமா பத்து நாள் கண்ணில் துணி கட்டிக்கொண்டு படுத்திருந்தார். கட்டை அவிழ்த்ததும், "எல்லாம் சரியாப் பூட்ச்சி" என்று சொல்லிவிட்டு மறுபடியும் குழிக்குப் போய்விட்டார். அந்தக் குழியை விட்டு ஏறிவிட வேண்டும், அது ஒன்றுதான் அவருக்கு அந்த வருஷம் நினைப்பு. குழியில் நிற்பவனுக்கு எவன் பெண் கொடுப்பான் என்று அம்மா சொல்வாள். மாமாவும் அதற்காகத்தான் தவிக்கிறார் என்று நாங்களும் நினைத்தோம்.

ஜெயித்தால் என்ன வேலை கேட்பது என்பதை நான் முன்கூட்டியே தீர்மானித்துவிட்டேன். கிடங்கு வாசலில் நிற்கும் வில்லைச் சேவகன் வேலை. சிவப்புத் தலைப்பாகை, மார்பில் பித்தளை வில்லை, கையில் பூண் போட்ட தடி! என் மாமா அப்படி நிற்கப்போகிறார் என்று பள்ளிக்கூடத்தில் எல்லாப் பெண்களிடமும் சொல்லி முடித்துவிட்டேன். ஒருத்தியிடம் தலைப்பாகையைத் தொட்டுப் பார்க்க அனுமதி தருவதாகச் சொல்லி ஒரு மாங்காயும் வாங்கித் தின்றாகிவிட்டது.

அப்பா அந்தக் கிடங்கில் கணக்கு எழுதும் ரைட்டர். அவரிடம் ஒரு சங்கிலிக் கடிகாரம் உண்டு. அதைக் கேட்காமல் அவர் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். இத்தனாவது மைல்கல்லில் இத்தனை மணி, இந்த இடத்தில் தண்ணீர், இந்த இடத்தில் மோர் என்று ஒரு நோட்டுப் புத்தகம் முழுக்க எழுதினார். நாங்கள் ஜட்காவில் முன்னால் போவது, கடிகாரத்தைப் பார்த்து மாமாவுக்குக் கொடி காட்டுவது என்று ஏற்பாடு. பழைய வேட்டியில் கிழித்த வெள்ளைக் கொடி காட்டினால் வேகமாக ஓட வேண்டும். அம்மாவின் பழைய புடவையில் கிழித்த சிவப்புக் கொடி காட்டினால் நிதானம். ஒரு கையில் குடை, ஒரு கையில் கடிகாரம், மடியில் நோட்டு என்று அப்பா உட்கார்ந்துவிட்டால் கொடி பிடிக்க ஆள் வேண்டுமே. அழுது, தரையில் புரண்டு, அந்த உத்தியோகத்தை நான் வாங்கிக்கொண்டேன்.

மாமா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஆனால் அவர் பழகின விதமே வேறு. உச்சிவெயிலில் வறண்டு கிடக்கும் பாலாற்று மணலில் போய் ஓடுவார், பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டு. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"காலுக்குத் தெரியும்க்கா. மூச்சு சொல்லும். கண்ணு எதுக்கு?" என்றார் மாமா.

அப்பாவிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்று. ஜட்காக் குதிரையின் கழுத்தில் நல்ல சத்தமாக ஒரு மணி கட்ட வேண்டும். அப்பா அதை நோட்டில் எழுதிக்கொண்டார்.

விடியற்காலையில் ஆரம்பிக்க வேண்டிய பந்தயம், வாணியம்பாடி முதலாளி சாவகாசமாக வந்து சேர்ந்ததால் எட்டு மணிக்கு ஆரம்பித்தது. அப்போதே சந்தை மைதானத்தில் மண் சுட்டது. பக்கத்துக்கு ஆறு பேர். மாமா தலையில் ஆவாரம் இலையைக் கற்றையாக வைத்து முண்டாசு கட்டியிருந்தார். எங்கள் ஊரில் தோல் பதப்படுத்துவதும் ஆவாரம் பட்டைதான், சூட்டுக்குத் தலையில் வைப்பதும் ஆவாரம் இலைதான். 'ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டா' என்று அம்மா அதை வைத்துக் கட்டி அனுப்பியிருந்தாள். வாணியம்பாடி ஆட்களில் ஒருவன் பனைமர உயரம். எல்லோரும் அவனை நெட்டை என்றே கூப்பிட்டார்கள்.

வேட்டு வெடித்ததும் நெட்டை பறந்தான். அவன் பின்னால் மற்றவர்களும் பறந்தார்கள். என் மாமா, சந்தைக்குக் கத்தரிக்காய் வாங்கப் போகிறவர் மாதிரி கடைசியில் வந்தார்!

"வெள்ளை! வெள்ளை!" என்று அப்பா கத்தினார். நான் எழுந்து நின்று கை கழன்றுவிடும்படி வீசினேன். மாமா நேராக எங்களைப் பார்த்துக்கொண்டே அதே நடையில் வந்தார். நாலு மைல், ஐந்து மைல், வெள்ளை வெள்ளை வெள்ளை. என் தோள் வலித்ததுதான் மிச்சம்.

"இன்னா மச்சான், கொழுப்பா? புள்ள கொடி காட்றா, நீ மாப்பிள்ளை ஊர்கோலம் வர்றியா?" என்றார் அப்பா.

"வர்றேன் மாமா, வர்றேன். மணிச் சத்தம் கேக்குது, நீங்க போய்க்கினே இருங்க" என்றார் மாமா.

அவர் அடிக்கடி ஒரு காரியம் செய்தார். ஓடிக்கொண்டே இடது புறங்கைத் தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கி விட்டுப் பார்ப்பார். தோல் உடனே படிந்தால் சரி. கிள்ளினபடியே மடிந்து நின்றால், "தண்ணி" என்று குரல் கொடுப்பார். ஊறப்போட்ட தோல் போதுமான தண்ணீர் குடித்துவிட்டதா என்று கிடங்கில் அப்படித்தான் பார்ப்பார்கள். அதைத் தன் உடம்பிலேயே பார்த்தார் மாமா. அப்பாவின் நோட்டில் நாலு மைலுக்கு ஒரு தண்ணீர்தான். ஆறாவது மைலுக்குள் மாமா மூன்று முறை குடித்துவிட்டார். நோட்டு வீணாகிவிட்டதே என்று அப்பாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

பத்தாவது மைலுக்கு மேல் வேடிக்கை ஆரம்பித்தது. முதலில் எங்கள் கிடங்கு ஆள் ஒருவன் புளியமரத்தடியில் சுருண்டு கிடந்தான். அடுத்து வாணியம்பாடிக்காரர்கள் இருவர், ஒருவன் வாந்தி எடுக்க மற்றவன் முதுகு தடவிக்கொண்டிருந்தான். மரத்துக்கு ஒருவராக விழுந்துகொண்டே வந்தார்கள். நான் எண்ணிக்கொண்டே வந்தேன். எனக்கு இருந்த சந்தோஷத்தில் அவர்கள்மேல் இரக்கம் வரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். வாணியம்பாடி தாண்டும்போது முன்னால் நெட்டை மட்டும்தான் இருந்தான். கண்ணுக்கெட்டாத தூரத்தில்.

அப்போது வெயில் மண்டையைப் பிளந்தது. காற்று ஒரு பொட்டு இல்லை. மாமாவின் உதடு வெள்ளையாகக் காய்ந்திருந்தது. புறங்கையைக் கிள்ளிப் பார்த்தார். தோல் மடிந்தபடியே நின்றது. நான் அதைப் பார்த்துவிட்டேன்.

அப்பாவோ குடைக்குள் கடிகாரத்தோடு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தார். "பதினேழு நிமிஷம் லேட்டு. காட்டு வெள்ளையை!"

என் வாழ்நாளில் அப்பா சொல்லை முதன்முதலாக அங்கேதான் மீறினேன். வெள்ளைக் கொடியைக் காலுக்கடியில் போட்டு மிதித்துக்கொண்டு, சிவப்பை எடுத்து உயர்த்திப் பிடித்தேன். மாமா நிதானமாக நடக்க ஆரம்பித்தார். தண்ணீர் வாங்கிக் குடித்தார், முண்டாசை நனைத்துக்கொண்டார், பனைவெல்லத் துண்டை வாயில் அடக்கிக்கொண்டு சிறிது தூரம் நடந்தார். அப்புறம் மறுபடியும் அதே ஓட்டம். என் சிவப்புக் கொடிக்கு இவ்வளவு சக்தியா! ஜட்காவுக்குள் எனக்குத் தலை முட்டிற்று, அவ்வளவு பெருமை.

மின்னூர் பக்கம் போனதும், பாதையோரம் ஒரு மரத்தில் சாய்ந்து நெட்டை நின்றிருந்தான். தொடை பிடித்துக்கொண்டுவிட்டது. மூச்சு காளைமாடு போலச் சீறிக்கொண்டிருந்தது. மாமா அவனைத் தாண்டும்போது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இதுவல்லவோ வீரம் என்று எனக்குப் புல்லரித்தது. அரை பர்லாங் போனதும் மாமா வண்டிப் பக்கம் வந்து கேட்டார்.

"பாப்பா, நெட்டை எந்த மட்டுக்கும் போய்ட்டான்?"

"அய்யோ மாமா! நீதான் அவனைத் தாண்டி வந்துட்டியே!"

"அடடே, அவனா அது? மாடு கட்டி இருக்குதுன்னு நெனச்சேன்" என்றார். நானும் வண்டிக்காரரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அப்பாகூடச் சிரித்தார்.

ஆனால் நெட்டை லேசுப்பட்டவன் இல்லை. ஆம்பூர் எல்லை வந்ததும் பின்னால் அவன் தலை தெரிந்தது. காலை இழுத்து இழுத்து, ஆனாலும் பெரிய பெரிய எட்டாக வைத்து வந்தான். கடைசி மைலில் பத்து முழம்தான் இடைவெளி. "வெள்ளை!" என்று அப்பா அலறினார். நானும் இந்த முறை வெள்ளையைத்தான் காட்டியிருப்பேன். குனிந்து தேடினால் காணோம், எங்கேயோ தெருவில் விழுந்துவிட்டது. கையில் இருந்தது சிவப்புதான். வேறு வழியில்லாமல் அதையே ஆட்டிக்கொண்டு, "ஓடு மாமா! ஓடு!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். வண்டிக்காரர் மணி அதிரும்படி குதிரையைத் தட்டினார். மாமா பாய்ந்தார் பாருங்கள்! இருபத்துநாலு மைல் அந்தக் கால்கள் எங்கே ஒளித்து வைத்திருந்தன அந்த வேகத்தை? தப்பட்டை முழங்குகிறது, ஜனங்கள் மாடியிலிருந்து தண்ணீர் இறைக்கிறார்கள், கிடங்கு வாசலில் முதலாளி ரோஜா மாலையோடு நிற்கிறார். மாமா நாலு முழம் முந்திக் கோட்டைத் தாண்டினார்.

தாண்டினவர் நிற்கவில்லை. நீட்டிய மாலையையும் முதலாளியையும் விட்டுவிட்டு நேரே உள்ளே ஓடி, ஆவாரம் பட்டைக் குவியலில் மோதித்தான் நின்றார். கூட்டம் கைகொட்டிச் சிரித்தது. அப்பா போய் அவரைத் தோளோடு பிடித்து அழைத்து வந்து முதலாளியின் முன்னால் நிறுத்தினார்.

"கேளுப்பா, இன்னா வேல வோணும்?"

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாசலில் சிவப்புத் தலைப்பாகை வெயிலில் ஜொலித்தது.

"பட்டைத் தொட்டியில பதம் பாக்கிற வேல குடுங்க, சாயபு" என்றார் மாமா.

பட்டைத் தொட்டி, கிடங்கின் பின்கட்டில் ஒரு இருட்டுக் கொட்டகை. ஆவாரம் பட்டைச் சாற்றில் ஊறும் தோலை எடுத்து, தடவித் தடவிப் பதம் வந்ததா என்று சொல்லிக்கொண்டு அங்கே மூலையில் உட்கார்ந்திருக்க வேண்டும். வயசான ஆட்கள் செய்யும் வேலை. பைத்தியமா உனக்கு என்று அப்பா காதோரம் கடிந்தார். மாமா மறுபடியும் அதையே சொன்னார். முதலாளி சிரித்துவிட்டு, "எடுத்துக்கோ" என்று மாலையைப் போட்டார்.

நான் தெருவில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். பள்ளிக்கூடத்துக்கு இனி எந்த முகத்தோடு போவது? இரண்டு நாள் மாமாவோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கால் இரண்டும் கொப்புளமாக வெடித்துக் கிடந்தது. முகத்தில் மட்டும் அப்படி ஒரு நிம்மதி. குழியை விட்டு ஏறிவிட்டாரே.

"கோவமா பாப்பா? அந்த வேலைக்குக் கையிருந்தா போதும். எத்தினி வருசம் ஆனாலும் என்னை யாரும் வோணாம்னு அனுப்ப மாட்டாங்க" என்றார். எனக்குச் சமாதானம் ஆகவில்லை. அதைப் பார்த்து, "நீ கொடி காட்டலன்னா நான் ஜெயிச்சிருக்கவே மாட்டேன். கடைசியில காட்டினியே, அந்த வெள்ளக் கொடி, அதைப் பாத்துதான் பாய்ஞ்சேன்" என்றார்.

எனக்குச் சுறுக்கென்றது. "வெள்ளை இல்ல மாமா, அது தொலைஞ்சு போச்சு. நான் காட்டினது சிவப்பு. இதோ பாரு" என்று மடியில் வைத்திருந்த துணியை எடுத்து அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன்.

மாமா அதைக் கையில் வாங்கினார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து மெதுவாகத் தேய்த்தார்.

"ஆமாம், உங்கம்மா பொடவ. சிவப்புதான்" என்றார்.

நான் சொன்னதை ஒப்புக்கொண்டுவிட்டார் என்று எனக்கு ஒரே சந்தோஷம், கோபமெல்லாம் போய்விட்டது. ஒரு துணி சிவப்பு என்று தெரிந்துகொள்ள அதை ஏன் தடவிப் பார்த்தார் என்று அன்று நான் கேட்கவில்லை.