பொத்திய கையின் உயரம்

வெட்டிய பச்சைப் புல்லும் பெட்ரோலும் கலந்து வெயிலில் காய்ந்தால் ஒரு வாடை வரும், புளித்த மோரில் கறிவேப்பிலையை ஊறப்போட்டதுபோல. அந்த வாடை இப்போதும் எங்காவது மூக்கில் ஏறினால், நான் எந்தக் கூட்டத்தில் நின்றாலும் சரி, என் வலது கை தானாகப் பொத்திக்கொண்டு உள்ளே ஒரு சாவியைத் தேடும்.

மலேசியாவின் ஈப்போவிலிருந்து பத்து காஜா ஊருக்குப் போகும் பக்கம் அப்பா வேலை பார்த்த ரப்பர் தோட்டத்தைப் பால்மரங்களோடு விற்றுவிட்டார்கள். வாங்கியவர்கள் மரங்களைச் சாய்த்து, மண்ணை மட்டம் தட்டி, பெரிதாக ஒரு கிளப் கட்டி, அதன் முன்னால் விருந்து வைக்கவும் கல்யாணம் நடத்தவும் கண்ணுக்கெட்டிய தூரம் புல் வளர்த்தார்கள். லயம் என்கிற வரிசை வீடுகளில் சிலவற்றை மட்டும் இடிக்காமல் வேலையாட்களுக்கு விட்டுவைத்ததில் எங்கள் வீடும் ஒன்று. அதுவரை பால் ஏற்றும் டிராக்டர் ஓட்டிய அப்பா, அப்புறம் 'ரும்புட் வண்டி' ஓட்டினார்; ரும்புட் என்றால் மலாயில் புல். சின்னச் சிவப்பு டிராக்டர், அதன் வயிற்றுக்கடியில் கவிழ்த்துவைத்த சட்டிபோல அகலமாக ஓர் இரும்புத் தட்டு, அதற்குள் சுழலும் இரண்டு கத்திகள். அந்தத் தட்டை அப்பா 'டெக்கு' என்பார், அம்மா 'சட்டி' என்பாள்.

மாதம் ஒருமுறை பழைய ஸ்டோரில் அந்த டெக்கைக் கழற்றி, உள்ளே அப்பியிருக்கும் புல் சாந்தைச் சுரண்டி, கத்தியைத் தீட்டி, பெல்ட்டை ஏற்றி, நாலு மூலையிலும் தொங்கும் கம்பிகளில் மறுபடி மாட்டுவார். கம்பி நுனியில் இருக்கும் நட்டை இறுக்கினால் டெக் மேலே ஏறும், தளர்த்தினால் இறங்கும். அப்படி ஒருமுறை மட்டம் பார்த்து வைத்துவிட்டால், ஓட்டும்போது கூட்டவும் குறைக்கவும் சீட்டுக்குப் பக்கத்தில் எண் போட்ட ஒரு கம்பி உண்டு; ஒன்றாம் நெம்பர்தான் இருப்பதிலேயே தாழ்வு, அதில் தள்ளினால் மொட்டையடித்த மாதிரி வெட்ட வேண்டும். வேலை ஆரம்பிக்கும் முன் அப்பா வண்டிச் சாவியை உருவி என் கையில் வைத்துப் பொத்துவார். "சாவி ஒங் கையில இருக்கிற வரைக்குந்தான் என் வெரலு என் கையில, தாயி." எனக்கு அப்போது பதினொரு வயது, ராணி மாதிரி நிற்பேன், மூக்கு அரித்தாலும் அந்தக் கையால் சொறிய மாட்டேன்.

அந்தப் புல்வெளியில் அழகுக்காக ஒரே ஒரு பால்மரத்தை விட்டுவைத்திருந்தார்கள். அதன் பக்கத்தில் ஓர் இடத்துக்கு வந்ததும் அப்பா நெம்பர் கம்பியை மேலே இழுப்பார், தாண்டியதும் இறக்குவார். பாய் அகலத்துக்கு அங்கே மட்டும் புல் உயரமாக நிற்கும். "என்னப்பா, மொட்டையடிச்சுட்டுக் குடுமி விட்டுட்டீங்க" என்று நான் கேலி பண்ணுவேன். எதற்கும் சிரிக்கும் மனிதர், அதற்கு மட்டும் சிரிக்க மாட்டார்.

புதிதாக வந்த சூப்பர்வைசர் சரவணன் தங்கமான ஆள், மலாய்க்காரர்கள் மாதிரி பேச்சுக்குப் பேச்சு 'லா' போட்டாலும் அப்பாவை 'அண்ணே' போடாமல் பேச மாட்டார். அவர் ஒருநாள் அந்தக் குடுமியைக் கண்டு ஏன் என்று கேட்க, அப்பா வாயில் வந்ததைச் சொல்லியிருக்கிறார்: அடியில் கல் இருக்கிறது, கத்தி உடையும் என்று. "கல்லுன்னா மொதல்லயே சொல்றதுதானே லா, அண்ணே! சனிக்கிழம தோண்டுற மெசினு வருது, எடுத்துப் போட்டுரலாம்" என்றாராம் சரவணன், உபகாரம் செய்கிற சந்தோஷத்தோடு.

அப்பா வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். சட்டி கையிலிருந்து நழுவி, மீனெல்லாம் சிமெண்டுத் தரையில் சிதறியது. "எம் பிள்ளையத் தோண்டப் போறானுங்களா?" என்று கத்தினாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிள்ளையா? எந்தப் பிள்ளை? இந்த வீட்டின் ஒரே பிள்ளை நான்தானே, இதோ குத்துக்கல்லாட்டம் நிற்கிறேனே! எனக்கு முன்னால் ஒருத்தி பிறந்து, பேர் வைக்கும் முன்னே போய்விட்டாள் என்பதை அன்றைக்குத்தான் மீன் நாற்றத்துக்கு நடுவில் கேட்டேன். லயத்தில் எல்லாரும் என்னைச் 'சின்னவ' என்று கூப்பிட்டும், பெரியவள் யார் என்று ஒருநாளும் கேட்காத மடச்சி நான். பச்சைப் பிள்ளையை எரிக்கிற வழக்கம் எங்களுக்கில்லை, மண்ணில்தான் வைப்பார்கள். கம்பெனிக்காரர்கள் நிலத்தை மட்டம் தட்டியபோது, பேர் எழுதிய சமாதிகளைப் பூசை போட்டு வேறு இடத்துக்கு மாற்றினார்களாம். பேரே இல்லாத குழந்தைகளின் குழியை யார் தேடுவார்கள், அநியாயம்! அந்தப் பால்மரத்தை அடையாளம் வைத்து அப்பா மட்டும் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார்.

மறுநாள் அப்பா போய், கல்லும் இல்லை ஒன்றும் இல்லை, நான்தான் தப்பாக நினைத்தேன் என்று சொல்ல, சரவணன், "அப்ப ஒன்னாம் நெம்பர்ல வச்சு வெட்டிக் காட்டுங்கண்ணே. சத்தம் வரலன்னா விட்டுரலாம். வந்துச்சுன்னா தோண்டிருவோம்" என்றார். அங்கேதான் சிக்கல். குழியின் தலைமாட்டில் அப்பா நட்ட கல் ஒன்று உண்மையிலேயே இருந்தது. மட்டம் தட்டியதில் அது போய்விட்டதா, புல்லுக்குள் மறைந்து நிற்கிறதா என்று யாருக்கும் தெரியாது.

அன்று மதியம் ஸ்டோரில் அப்பா டெக் மாட்டிக்கொண்டிருந்தார். சாவி என் கையில். ஸ்டோர் பக்கமே வராத அம்மா விறுவிறுவென்று உள்ளே வந்தாள்.

"ஏங்க, சட்டிய ஒசத்திக் கட்டுங்க."

"நெம்பர அவன் பாப்பான்டி."

"நெம்பர அவன் பாத்துக்கட்டும். நீங்க நட்ட இறுக்குங்க."

அப்பா அவளையே பார்த்தார். எவ்வளவு உயர்த்துவது என்று அவர் கேட்குமுன், அம்மா அந்த எண்ணெய்த் தரையில் சேலையோடு படுத்து, கையைப் பொத்தி, டெக்குக்கு அடியில் கத்திக்கு நேராக வைத்தாள். ஐயோ! சாவியை எவ்வளவு இறுக்கினேன் என்றால், அதன் பல் உள்ளங்கையில் பதிந்து சாயந்திரம் வரை போகவில்லை. "கல்லு எங் கை அளவுதான். ஆத்துல பொறுக்கி நாந்தானே எடுத்துக் குடுத்தேன்" என்றாள் அம்மா, படுத்தபடியே. அவள் விரல் கணுவில் உரசாமல் கத்தி திரும்பும் வரைக்கும் அப்பா நட்டை இறுக்கினார்.

அந்த இடத்தின்மேல் வண்டி போனது. கம்பி ஒன்றாம் நெம்பரில் நின்றது. எந்தச் சத்தமும் வரவில்லை. பாய் அகலக் குடுமி மட்டும் காணாமல் போய்விட்டது. சரவணன் குனிந்து, ஒன்றாம் நெம்பருக்குக் கொஞ்சமும் பொருந்தாத உயரத்தில் நின்ற அந்தப் புல்லைத் தடவிப் பார்த்தார், ஓரமாக நின்ற என் அம்மாவைப் பார்த்தார். "கல்லு இல்ல லா, அண்ணே" என்றார். அவருக்கு என்ன புரிந்ததோ, எனக்கு இன்றுவரை தெரியாது.

சாயந்திரம் அம்மா, "இனிமேலும் ஒசத்தியேதான் ஓட்டுவீங்களா?" என்று கேட்டாள். அப்பா, "சம்பளம் குடுக்கிறவன் சொன்ன அளவுக்குத்தான் வெட்டணும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மாவிடம் சொன்னால் மறுநாள் குழாயடியில் எல்லார் காதிலும் விழும் என்று பயந்தாரோ என்னவோ. அதன் பிறகு டெக் மாட்ட என்னையும் கூப்பிடவில்லை. ஸ்டோர்க் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகவே மாட்டினார். அம்மா அந்தப் புல்வெளியில் கால் வைக்கவில்லை. அவர் வேலை முடிந்து வரும்போதெல்லாம், "பிள்ள மேல ஓட்டிட்டு வந்துட்டாரு" என்று அடுப்பைப் பார்த்து முணுமுணுப்பாள். அவர் காதில் விழும், துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விடுவார். அந்த ஒரு பேச்சைத் தீர்க்காமலே அப்பா போய்ச் சேர்ந்தார். அவருக்குப் பிறகு அந்த வண்டியை யாரும் ஓட்டவில்லை.

போன மாதம் சொந்தக்காரப் பெண்ணின் கல்யாணம் அதே கிளப்பில். வர மாட்டேன் என்ற அம்மாவைக் கெஞ்சிக் கூட்டிப்போனேன். இறங்கிப் பார்த்தால், அடக் கடவுளே, புல்லே இல்லை! அந்த வெளி முழுக்கப் பிளாஸ்டிக் புல், பாய்போல ஒட்டித் தைத்தது. லயம் இல்லை, ஸ்டோர் இல்லை, பால்மரம் இருந்த இடத்தில் விளக்குக் கம்பம். தோண்டிவிட்டு விரித்தார்களா, அப்படியே மேலே விரித்தார்களா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. வாசலில் எங்கள் ரும்புட் வண்டி நின்றது. புதுச் சிவப்புப் பெயிண்ட், டயருக்குக் காற்று, சீட்டில் பூந்தொட்டி, மணமக்கள் பக்கத்தில் நின்று படம் பிடித்துக்கொள்ள.

அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு அதனிடம் போனாள். "அந்தக் கம்பிய ஒன்னுல தள்ளு" என்றாள். பெயிண்ட் உரிய உரியத் தள்ளினேன். டெக் 'டொக்'கென்று இறங்கி நின்றது. அம்மா பட்டுச் சேலையோடு கீழே உட்கார்ந்தாள். அவள் என்ன செய்யப்போகிறாள் என்று புரிந்ததும் என் கண் முதலில் ஓடியது சாவித் துவாரத்துக்கு. அது காலியாக இருந்தது. கல்யாணக் கூட்டமே திரும்பிப் பார்க்க, எழுபது வயது மனுஷி கையைப் பொத்தி டெக்குக்கு அடியில் விட்டாள்.

கை உள்ளே போய் நின்றது. மேலே கத்தி, கீழே தரை, நடுவில் அவள் கை, அன்று ஸ்டோரில் நின்ற அதே அளவில்.

"எறக்கல" என்றாள். "சின்னவளே, உங்கப்பா சட்டிய எறக்கவே இல்லடி."

உள்ளேயிருந்து யாரோ சாப்பிடக் கூப்பிட்டார்கள். அம்மா கையை எடுக்கவில்லை.