பிலோமினா அக்கா சொல்ல மறுத்தவை

பிலோமினா அக்கா இறந்த செய்தி, பிக்கரிங் ரயில் நிலையத்தில் நான் காரை நிறுத்திக்கொண்டிருந்தபோது வந்தது. அழைத்தவர் அவருடைய தங்கை றீற்றா. "விடியக் காலமை அக்கா போயிட்டா. கஷ்டப்படேல்லை," என்றார். சற்றுப் பொறுத்து, "உடம்பு கஷ்டப்படேல்லை," என்று திருத்தினார். அந்தத் திருத்தத்தின் பொருள் மல்வேர்ன் வகுப்பில் அவரோடு இருந்த உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன்.

அக்கா மன்னாரைச் சேர்ந்தவர். இங்கே கனடாவில் ஓர் இறையியல் கல்லூரியில், ஆதித் திருச்சபையினதும் இடைக்காலத்தினதும் துறவிகள் கடவுளைப் பற்றிச் சிந்தித்த விதத்தைக் கற்பித்தார். கடவுள் இன்னவர் என்று சொல்ல முடியாது, இன்னவர் அல்லர் என்று மட்டுமே சொல்லலாம் என்ற வழியில் போனவர்கள் அவர்கள். மல்வேர்னில் எங்கள் பங்குக் கோவிலின் கீழ்த்தள மண்டபத்தில் பெரியவர்களுக்கான மறைக்கல்வி வகுப்பை அவரும் நானும் சேர்ந்து நடத்தினோம். சிக்கலில்லாத பாடங்களை நான் எடுத்துக்கொள்வேன்.

முதல் வகுப்பிலேயே அவர் சொன்னார்: "கடவுள் நல்லவர் எண்டு சொல்லேக்கை, எங்களுக்குத் தெரிஞ்ச நல்ல மனிசரைத்தான் மனசிலை வைச்சுச் சொல்லுறம். அவர் அப்பிடி நல்லவர் இல்லை."

யோசேப்பு அங்கிள் எழுந்துவிட்டார். "அப்ப கெட்டவரோ, பிள்ளை?"

"அதுவும் இல்லை, அங்கிள்."

"அப்ப நான் ஆரிட்டைச் செபிக்கிறது?"

"அந்தக் கேள்வியை விட்டிடாதேங்கோ. செபம் அங்கைதான் துவங்குது."

அங்கிள் அதன்பிறகு வகுப்புக்கு வரவில்லை. பங்குத்தந்தையிடம் முறைப்பாடும் போனது.

எங்கள் வகுப்புக்கு வந்துகொண்டிருந்த றெஜினா அன்ரியின் மகன் வீதி விபத்தில் இறந்தபோதுதான் அந்தப் படிப்பு எதற்கு என்று எனக்கு விளங்கியது. மலர்ச்சாலையில் உடலைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும், ஆண்டவருக்கு அவனைப் பிடித்துவிட்டது, எடுத்துக்கொண்டார் என்றார்கள். அன்ரி யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அக்கா பக்கத்தில் போய் இருந்தார். "ஏனெண்டு எனக்குத் தெரியாது, அன்ரி. இஞ்சை ஒருத்தருக்கும் தெரியாது," என்றார். அன்ரி அவருடைய தோளில் சாய்ந்து அப்போதுதான் அழுதார்.

போன ஆண்டு அக்காவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. வாழ்நாள் முழுதும் இருளுக்குள் கடவுளைத் தேடியவர். இந்த இருட்டையும் அவர் அறிந்துதான் இருப்பார் என்று நான் நினைத்தேன். ஆஸ்பத்திரியில் அதை அவரிடமே சொல்லியும் விட்டேன்.

"இல்லையடா தம்பி," என்றார். "முந்தி நான் பேசாமல் இருந்தால் ஆரோ கேட்டுக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கும். இப்ப பேசாமல் இருந்தால் பேசாமல் இருக்கிறன், அவ்வளவுதான்."

"அந்தத் துறவிகளும் இப்பிடி ஒரு வெறுமையைச் சொன்னவையல்லோ, அக்கா?"

"சொன்னவை. அவையின்ர வெறுமைக்குப் பின்னாலை ஒண்டு இருந்தது. என்ரதுக்குப் பின்னாலை சுவர்."

கடைசியாகப் பார்க்கப் போனபோது, அவர் ஒருபோதும் கேட்காத ஒன்றைக் கேட்டார். "அருள் நிறைந்த மரியே செபத்தைச் சொல்லும். சின்னப் பிள்ளையளுக்குச் சொல்லுற மாதிரி, ஆறுதலாச் சொல்லும்."

சொன்னேன். திரும்பத் திரும்பச் சொன்னேன். கண்களை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் நிறுத்தியதும் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். அவர் ஒரு தரம் தலையசைத்தால் போதும், நான் நிம்மதியாக வீட்டுக்குப் போவேன் என்பது அவருக்குத் தெரியும்.

"இல்லை," என்றார். "ஒண்டும் வரேல்லை. நீர் களைச்சுப் போனீர், போய்ச் சாப்பிடும்."

அடக்கப் பூசையில் பங்குத்தந்தை, அக்கா இப்போது இறைவனை முகமுகமாகக் காண்கிறார் என்றார். றீற்றாவுக்கு அந்த வார்த்தை வேண்டியிருந்தது. நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் உங்களிடம் அதை என்னால் திருப்பிச் சொல்ல முடியாது.

எனக்கென்று அவர் விட்டுப்போனது அந்த "இல்லை" மட்டும்தான். அன்பினால்கூட அவர் பொய் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் கோவிலுக்குப் போகிறேன். செபமாலை தொடங்கினால் மரியே என்ற சொல்லோடு என் குரல் நின்றுவிடுகிறது. மற்றவர்கள் சொல்லி முடிக்கும்வரை முழங்காலில் இருக்கிறேன்.