சோளம் கேட்காத யூரியா

போன மாதம் எங்கள் ஊர் கெலாங் பாத்தாவில் அரை மணி நேரம் காற்றோடு மழை. உங்கள் பக்கமும் பெய்திருக்கும், மறந்திருப்பீர்கள். என் மைத்துனர் செல்வத்தின் ஓர் ஏக்கர் இனிப்புச் சோளம் அந்த அரை மணி நேரத்தில் தரையோடு படுத்துவிட்டது.

காற்றைத் திட்டலாம்தான். ஆனால் அக்கம்பக்கத்துச் சோளமெல்லாம் நிமிர்ந்து நிற்கிறதே… திட்டு வாங்க வேண்டியது நான்.

செல்வம் என் மனைவியின் தம்பி. பதினாறு வருடம் மோட்டார் சைக்கிளில் எல்லையிலுள்ள இரண்டாவது பாலம் தாண்டி சிங்கப்பூர் ஃபேக்டரிக்குப் போய்வந்தவர். பிள்ளைகள் எழும் முன் கிளம்பி, தூங்கிய பின் திரும்புவார். இந்த வருடம்தான் வேலையை விட்டுவிட்டு நிலம் எடுத்தார். வீட்டில் ஒரே நிபந்தனை — முதல் அறுவடை சரியாக வந்தால் விவசாயம். இல்லையென்றால் மறுபடியும் பாலம்.

உரத்துக்கு யாரைக் கேட்பார்? எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் முப்பது வருடம் ஆள் விட்டு உரம் போட்டவன் குடும்பத்திலேயே இருக்கும்போது?

"மண்ண டெஸ்ட்டுக்கு அனுப்பிப் பாப்போமா மச்சான்? எவ்வளவு நைட்ரஜன் இருக்குன்னு சொல்லிருவாங்களாம்" என்றார்.

நான் சிரித்தேன். "அலமாக்! இதுக்கெல்லாம் டெஸ்ட்டா? இலையப் பாத்தாலே நான் சொல்லிருவேன் லா."

செம்பனையில் அப்படித்தான் பழக்கம். மேலிடம் அனுப்பும் உரக் கணக்கு ஒரு பக்கம் இருக்கட்டும், மட்டை வெளுத்தால் யூரியா என்பது என் கணக்கு. செம்பனை இருபது வருடம் நிற்கும். நம் தப்பையும் சேர்த்து ஜீரணித்துவிடும். சோளத்துக்கு ஏது அவ்வளவு அவகாசம்? மொத்தமே இரண்டரை மாதம்.

பயிர் முழங்கால் உயரம் வந்தபோது அடி இலைகள் மஞ்சளாயின. தழைச்சத்து, அதுதான் நைட்ரஜன், போதவில்லை என்று தீர்ப்புச் சொன்னேன். செல்வம் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"யூரியா போடுங்க, நான் சொல்றேன்ல" என்றேன்.

பத்து நாள் கழித்து இன்னொரு தடவையும் போடச் சொன்னேன். பயிர் கரும்பச்சையாக எங்கள் தலைக்கு மேல் வளர்ந்தது. அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். இப்போது அழிக்கவும் முடியவில்லை.

மழைக்கு மறுநாள், பக்கத்து நிலத்துச் சீனர் வந்து ஒரு தண்டை ஒடித்துப் பார்த்தார். உயரம்தான் இருந்தது, உறுதி இல்லை; நைட்ரஜன் மிஞ்சினால் தண்டு இப்படித்தான் ஆகுமாம். அந்த நிலத்தில் முன்பு அவர்தான் கீரை போட்டாராம். வருடக்கணக்காகக் கோழி எரு கொட்டினாராம். ஆக, நைட்ரஜன் மண்ணிலேயே வேண்டிய அளவு கிடந்திருக்கிறது. இலை மஞ்சளானது வேரில் மழைத்தண்ணீர் தேங்கியதால். ஒரு வாய்க்கால் வெட்டியிருந்தால் போதும்… நான் யூரியாவைக் கொட்டச் சொன்னேன்.

இந்தத் திங்கட்கிழமை செல்வம் பழைய ஃபேக்டரிக்கே திரும்பிவிட்டார். அன்றைக்கு ராத்திரி வீடு தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

"விடுங்க மச்சான்" என்றார். "கோழி எரு போட்ட நெலம்னு எனக்கு முன்னமே தெரியும். சொல்லலாம்னுதான் வாயெடுத்தேன்… அக்கா புருஷன் நீங்க. நீங்க பேசுறப்ப நான் எப்படி குறுக்க பேசுறது?"

இந்த மரியாதையைத்தான் இத்தனை வருடமும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டிருந்தேனா? இப்படி என்னிடம் சொல்லாமல் விழுங்கியவர்கள் இன்னும் எத்தனை பேர்?

வீட்டுக்கு வந்து மனைவியிடம், "நீயும் இப்படி விழுங்கியிருக்கியா?" என்று கேட்டேன். "நீங்க சொன்னா சரிதாங்க" என்றபடி சாப்பாட்டுத் தட்டை எடுத்து வைத்தாள்.