‘பொம்பாய்’ என்று சொன்னதற்காக

பலாங்கொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு பல்பு மாற்ற யார் யார் கையெழுத்துப் போட வேண்டும், செத்த மாட்டை எந்தக் கணக்கில் எழுதிக் கழிக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். ஆனால் ஒரு தட்டுப் பாண் ரொட்டியை ஊர்காவல் படைக்காரனிடம் எந்தப் பெயர் சொல்லிக் கொண்டுபோக வேண்டும் என்று எந்தச் சுற்றறிக்கையும் எனக்குச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நானே அதைத் தோட்டத்து அறிவித்தல் பலகையில் ஒட்டியிருப்பேன்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி அது, யுத்த காலம். என் தங்கையின் கணவர் தோட்டத்து ஃபெக்டரியில் வேலை செய்தவர். காய்ச்சலில் போய்விட்டார். தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் அறை, தோட்டத்தில் பெயர் பதிந்தவருக்குத்தான் என்பது விதி. பதிந்தவர் இறந்துவிட்டார், ஆகவே அறையை விடு என்றார்கள். என் குவாட்டர்ஸுக்கு அழைத்துக்கொள்ளலாம் என்றால் நானே அதைச் சில மாதங்களில் அடுத்த கிளாக்கருக்குக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டியவன். தோட்டத்து மேனேஜரான துரையின் பங்களாவில் குக் வேலை காலியாக இருந்தது. தங்கை அங்கே தற்காலிகமாகச் சமைத்துக்கொண்டிருந்தாள். நிரந்தரமாகிவிட்டால் பங்களாவுக்குப் பின்னால் இருக்கும் குக் அறை அவளுக்கும் அவளுடைய இரண்டு பிள்ளைகளுக்கும் கிடைக்கும். இல்லாவிட்டால் மூவரும் எங்கே போவது என்று எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது.

துரை ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். கொழும்பிலிருந்து கம்பனிப் பெரியவர்கள் நான்கு பேர் ஒரு சனிக்கிழமை வந்து தங்குவார்கள். ஞாயிறு காலைச் சாப்பாடு அவர்களுக்குப் பிடித்துப்போனால் வேலை நிரந்தரம். ஒரு மனுஷியின் தலைக்கு மேலே கூரை இருப்பதும் இல்லாததும் நான்கு பேருடைய பசியின் தரத்தைப் பொறுத்தது என்று எந்த விதிப் புத்தகத்தில் இருக்கிறது? நான் தேடிப் பார்த்தேன். இல்லை.

அந்தக் காலைச் சாப்பாட்டைத் தேர்ந்தெடுத்தவர் துரையின் மனைவி துரைசாணி. ஓர் ஆங்கிலச் சஞ்சிகையிலிருந்து ஒரு பக்கத்தைக் கிழித்துக் கொடுத்தனுப்பியிருந்தார். தங்கைக்கு நான்தான் தமிழில் சொன்னேன். முதல் நாள் பாணைத் தடித்த துண்டுகளாக வெட்டித் தட்டில் அடுக்க வேண்டும். முட்டை, பால், சீனி, கறுவாப்பட்டைத் தூள், ஏலம், சாதிக்காய் எல்லாவற்றையும் அடித்துக் கலக்கி அதன் மேல் ஊற்ற வேண்டும். இரவு முழுக்க ஃப்ரிஜ்ஜில் ஊறவிட்டு, காலையில் விறகுப் போறணை அடுப்பில் வைத்துச் சுட வேண்டும். ஏதோ ஒரு வெளிநாட்டு மரத்துப் பாகுப் பாணியை ஊற்றிப் பரிமாறச் சொல்லியிருந்தது. இரத்தினபுரிப் பக்கத்துக் கித்துள் பனைப் பாணி இருக்கிற வீட்டில் அந்த மரத்தைத் தேடி யார் போவது என்று அந்த வரியை நானே அடித்துவிட்டேன்.

கேட்டு முடித்ததும் தங்கை, “இது நம்ம பொம்பாய்தானே அண்ணே. சட்டியில பொரிக்காம போறணையில வைக்கச் சொல்றாங்க, அவ்வளவுதான்” என்றாள்.

அவள் சொன்னது சரி. முட்டையில் தோய்த்துப் பொரித்த பாணுக்கு இந்த நாடு முழுவதும் பொம்பாய் டோஸ்ட், அதாவது பம்பாய் டோஸ்ட், என்றுதான் பெயர். சிங்களவர், முஸ்லிம்கள், நாங்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். எங்கள் லயங்களில் மட்டும் டோஸ்ட் என்பதை எப்போதோ உதிர்த்துவிட்டு வெறும் பொம்பாய் என்று ஆக்கிவிட்டார்கள். ‘ரெண்டு பொம்பாய் போடு’, ‘பொம்பாய் தீஞ்சிருச்சு’ என்பார்கள். பேச்சில் ஒரு சொல்லை மிச்சம் பிடித்ததற்கு இப்படியொரு விலை இருக்கும் என்று யாருக்குத் தெரியும்.

பங்களா ஃப்ரிஜ் முழுக்க விருந்தாளிகளின் பியர் போத்தல்கள். ஒன்றையும் எடுக்கக் கூடாது என்று துரையின் உத்தரவு. ஆகவே தட்டு என் குவாட்டர்ஸ் ஃப்ரிஜ்ஜுக்கு வந்தது. ஞாயிறு விடிந்ததும் தங்கை அதை மூடி, பால் சிந்தாமலிருக்கத் துணியால் சுற்றி, கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டித் தலையில் வைத்துக்கொண்டாள். நானும் கூடப் போனேன். குவாட்டர்ஸிலிருந்து பங்களாவுக்குப் போக பஸ் ரோட்டில் கொஞ்சத் தூரம் நடக்க வேண்டும். அந்தத் திருப்பத்தில்தான் ஊர்காவல் படையின் சோதனைச் சாவடி இருந்தது.

அங்கே நின்றவன் கீழ்க் கிராமத்துப் பையன். பலாங்கொடை பஸ் ஸ்டாண்டுக் கடையில் அவன் காலையில் என்ன சாப்பிடுவான் என்பதுகூட எனக்குத் தெரியும். எங்களைப் பார்த்ததும் துப்பாக்கியைத் தோளில் சரிசெய்துகொண்டு, “மேகே மொனவத?” என்று கேட்டான். அதில் என்ன இருக்கிறது என்று அர்த்தம்.

தங்கைக்கு என்னைவிட நன்றாகச் சிங்களம் வரும். கொஞ்சமும் யோசிக்காமல், மரியாதையாகச் சொன்னாள்.

“மேகே தியென்னே பொம்பாய், மஹத்தயா.” இதில் இருப்பது பொம்பாய், ஐயா.

சிங்களத்தில் வெடிகுண்டுக்கு ‘போம்ப’ என்று பெயர். பொம்பாய்க்கும் போம்பவுக்கும் நடுவே ஒரு நெடில் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அந்த வருடங்களில், துணி சுற்றிக் கயிறு கட்டிய ஒரு பாரத்தைத் தலையில் வைத்திருக்கும் தமிழ்ப் பெண்ணின் வாயிலிருந்து வரும்போது எந்த நெடிலும் காதில் விழுவதில்லை.

அவன் பின்னால் குதித்தான். தட்டைக் கீழே வைக்கச் சொல்லிக் கத்தினான். எங்கள் இருவரையும் மதகுக்கு அந்தப் பக்கம் துரத்தினான். இன்னொருவன் பொலிஸுக்குத் தகவல் சொல்ல ஓடினான். மேலேயிருந்து வந்த காலை பஸ்ஸையும் மறித்து நிறுத்தினார்கள். தார் ரோட்டின் நடுவில், சுற்றிலும் யாருமில்லாமல், முட்டையும் பாலும் குடித்த பாண் தனியாக உட்கார்ந்திருந்தது.

நான் நல்ல சிங்களத்தில் விளக்கினேன். இது பாண் என்றேன், திறந்து பார் என்றேன். சந்தேகமான பொருளுக்கு என்ன நடைமுறை, யாருக்கு அறிவிக்க வேண்டும், ஒரு பெண்ணை எப்படி விசாரிக்க வேண்டும் என்பதையும் வரிசையாகச் சொன்னேன். என் அடையாள அட்டையைக் கேட்டான். அந்தப் பையனுடைய அப்பாவுக்குத் தோட்டத்தில் மரம் வெட்டும் கொந்தராத்து வாங்கிக் கொடுத்தவன் நான். என்னைப் பார்த்து நீ யார் என்று கேட்கிறான்.

“அண்ணே, சட்டம் பேசாதீங்க” என்றாள் தங்கை. அவள் கண் தட்டை விட்டு அகலவில்லை. “நீங்க பேசப் பேச அவனுக்கு ரோஷம் ஏறுது. அங்க எனக்கு அடுப்பு அவிஞ்சு போகுது.”

பஸ் ஜன்னலிலிருந்து ஒரு முஸ்லிம் வியாபாரி எட்டிப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டதும், “தங்கச்சி, வெடிக்க முந்தி எனக்கொரு துண்டு தாங்களேன்” என்றார். பஸ் சிரித்தது. கண்டக்டர் சிங்களத்தில், அது பொம்பாய் டோஸ்ட்டடா மடையா என்று அந்தப் பையனுக்குச் சொன்னான். நான் இவ்வளவு நேரம் சொன்னதைத்தான் அவனும் சொன்னான். அவன் சொன்னால் உடனே புரிகிறது.

புரிந்தது வெட்கமாகியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாகக் கோபமாயிற்று. மரக்கறி மூட்டைகளைக் குத்திப் பார்ப்பதற்கென்று அங்கே ஓர் இரும்புக் கம்பி வைத்திருந்தார்கள். அதை எடுத்து வந்து, துணியோடு சேர்த்து, தட்டின் நடுவில் ஒரு குத்துக் குத்தினான். கம்பியில் முட்டையும் கறுவாவும் ஒட்டிக்கொண்டு வந்தது. அதை முகர்ந்து பார்த்துவிட்டு, போ என்று கையைக் காட்டினான். மன்னிப்பென்று ஒரு சொல் கிடையாது. குத்திய கம்பியைப் புல்லில் துடைத்தான். ஏதோ நாங்கள் அதை அசுத்தப்படுத்திவிட்டதைப் போல.

பங்களாவுக்குப் பின்வழியாகப் போய்ச் சேர்ந்தபோது விருந்தாளிகள் எழுந்துவிட்டிருந்தார்கள். தங்கை தட்டின் துணியை அவிழ்த்தாள். கம்பி பட்ட துண்டுகளை எடுத்துக் குப்பையில் போட்டாள். மற்றவற்றை நெருக்கி அடுக்கினாள். கருப்பட்டியைச் சீவித் தூவினாள். விறகை ஊதிச் சூட்டைக் கிளப்பித் தட்டைப் போறணைக்குள் தள்ளினாள். கொஞ்ச நேரத்தில் கறுவா வாசனை சமையலறையைத் தாண்டி வராந்தாவுக்குப் போயிற்று. அங்கே நாற்காலிகளை இழுத்துக்கொண்டு எழும் சத்தம் எனக்குக் கேட்டது.

சுட்ட துண்டுகளில் பாதி மேசைக்குப் போன பிறகு துரை சமையலறைக்கு வந்தார். சாவடிக் கதை அதற்குள் அவர் காதுக்கு எட்டிவிட்டது. துரைமார் தமிழ் ஒரு தனித் தமிழ். கூலியாட்களுக்கு உத்தரவிடுவதற்கென்று கற்றுக்கொண்டது. வேறு எதற்கும் வளையாது.

“என்ன கிளாக்கர், இந்தப் பொம்பளைக்கி வேற வார்த்தை இல்லியா? காலம் எப்படின்னு தெரியாதா? கொஞ்ச நாள் போகட்டும். இப்ப பெர்மனன்ட் வேண்டாம்.”

நான் வாய் திறப்பதற்குள் தங்கை அடுப்படியிலிருந்து நிமிர்ந்தாள். இரண்டு கையையும் முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

“தொரை, சாப்பாடு சரியில்லன்னா சொல்லுங்க, நான் போயிருறேன். சொன்ன வார்த்தைக்குத்தான் போகச் சொல்றீங்கன்னா, அதுக்கு நாங்க என்ன பேரு சொல்லணும்னு நீங்களே சொல்லிருங்க.”

அப்போது சாப்பாட்டு அறையிலிருந்து ஒரு விருந்தாளியின் குரல் கேட்டது. இது என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஃப்ரெஞ்ச் டோஸ்ட், சுட்டது என்றார் துரைசாணி. “அட, நம்ம பொம்பாய் டோஸ்ட்!” என்று அந்த ஆள் சிரித்தார். இன்னொரு துண்டு கேட்டார். இன்னொருவரும் கேட்டார். துரை அந்தப் பக்கம் திரும்பி, “யெஸ் யெஸ், பொம்பாய் டோஸ்ட்!” என்று உரக்கச் சொல்லித் தானும் சிரித்தார்.

நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சொல் அவர் வாயில் எந்த ஆபத்தும் இல்லாமல் உருண்டு வெளியே போயிற்று. யாரும் பின்னால் குதிக்கவில்லை. யாரும் கம்பி எடுத்து வரவில்லை. வார்த்தையில் கோளாறு இல்லை என்பது எனக்கு முன்பே தெரியும். ஆனால் அவ்வளவு அப்பட்டமாக என் கண்ணுக்கு முன்னால் நிரூபிக்கப்படுமென்று நான் எதிர்பார்க்கவில்லை.

நான் பார்ப்பதை அவரும் பார்த்துவிட்டார் போலும். சிரிப்பு மெல்ல அடங்கியது. சரி சரி, நாளைக்கு ஆபீஸில் கடிதம் அடியுங்கள், நிரந்தரம் என்றார். பெரிய தானம் செய்கிறவரைப் போலக் கையை விரித்துக் காட்டிவிட்டுப் போகத் திரும்பினார். வாக்குக் கொடுத்தது அவர். சமைத்தது அவள். அவர்கள் தின்றும் ஆயிற்று. இருந்தும் நான், “தேங்க் யூ சார்” என்றேன். இத்தனை வருடம் கழித்தும் அன்று நடந்த எல்லாவற்றிலும் எனக்கு ஆறாமலிருப்பது அதுதான். கொடுக்க வேண்டியதைக் கொடுத்தவனுக்கு நன்றி சொல்ல என் நாக்கு அவ்வளவு பழகிப்போயிருந்தது.

தங்கை நன்றி சொல்லவில்லை. இரண்டாவது தடவைக்குத் துண்டுகளை அடுக்கிக்கொண்டே என்னிடம் மெதுவாகச் சொன்னாள்.

“குக் ரூம் சாவிய இப்பவே கேட்டு வாங்குங்க அண்ணே. நாளைக்கின்னா இந்தாளு மறந்துருவாரு.”

நான் வராந்தா வரை அவர் பின்னாலேயே போய் வாங்கினேன்.